நாட்டிங்ஹாமுக்குப் போன குள்ளர் படை

வெள்ளி, இரவு

நாளையும் மறுநாளும் நாட்டிங்ஹாமில் 'கிங்ஸ் ஆஃப் வார்' போட்டி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 6 அடிக்கு 4 அடி மேசை. அதன் மேல் குன்று, காடு, இடிந்த கோபுரம். இரு பக்கமும் கையால் வண்ணம் தீட்டிய 28 மி.மீ. பொம்மைகளால் ஆன மாயாஜாலப் படைகள். நிறைய டைஸ், ஒரு டேப். குள்ளர், எல்ஃப், பூதம், பிணப்படை என்று எதை வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். என்னுடையது குள்ளர் படை. மெதுவாக நடப்பார்கள், லேசில் சாக மாட்டார்கள். எனக்கு ஏற்ற படைதான் என்று வீட்டில் கிண்டல்.

லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். பெட்டியை லக்கேஜ் தட்டில் வைக்க மனம் வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே இரும்புத் தகடு, ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் சின்னக் காந்தம். தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரியும், இருந்தாலும் ஒரு பயம். ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் பார்க்வே நிலையத்தில் ஜன்னல் முழுக்க ராட்க்ளிஃப் அனல்மின் நிலையத்தின் 8 குளிர்விப்புக் கோபுரங்கள். பிரிட்டனில் கடைசியாக ஓடிய நிலக்கரி மின் நிலையம் அதுதான். 2024 செப்டம்பர் 30-இல் நிறுத்திவிட்டார்கள். புகை இல்லாமல் அவ்வளவு பெரிய உருவங்களைப் பார்க்க விசித்திரமாக இருந்தது.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு நாட்டிங்ஹாம் ஏறக்குறைய ஒரு க்ஷேத்திரம். பக்கத்து ஊரான நியூவார்க்கில் 1979-இல் சிட்டடல் மினியேச்சர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி தொடங்கியது. 1983-இல் வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டு வந்தது. அதை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இன்று இதே ஊரில், லென்டன் பகுதியில். 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் 100 பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஃப்டிஎஸ்இ 100 பட்டியலுக்குள் நுழைந்தது. வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஒரு பொம்மைக் கம்பெனி! அங்கே வேலை பார்த்து வெளியே வந்தவர்கள் சுற்றுவட்டாரத்திலேயே கடை போட்டார்கள். சிற்பிகள், அச்சு வார்ப்பவர்கள், விதி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் கிடைத்ததால் தொழில் இங்கேயே வேர் பிடித்துக்கொண்டது. ஆரம்ப கால உலோகப் பொம்மைகளில் ஈயம் அதிகம் என்பதால் இந்த வட்டாரத்துக்கே 'லெட் பெல்ட்' (ஈய வட்டாரம்) என்று பட்டப்பெயர். நான் ஆடும் கிங்ஸ் ஆஃப் வாரை வெளியிடும் மேன்டிக் கேம்ஸும் நாட்டிங்ஹாம் கம்பெனிதான். விதிகளை முதலில் எழுதிய அலெஸ்ஸியோ கவதோரே, அதற்கு முன் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பில் இருந்தவர். முதல் பதிப்பு 2010-இல் வந்தது. நாங்கள் ஆடுவது 2019-இல் வந்த 3ஆம் பதிப்பு விதிகளை.

தங்கியிருப்பது சித்தி மகன் அறையில். இங்கே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறான். லென்டன் முழுக்க மாணவர் வீடுகள். ஒருகாலத்தில் ராலே சைக்கிள் தொழிற்சாலை இந்தப் பக்கம்தான் இருந்தது. சாயங்காலம் கோட்டை மலையடியில் இருக்கும் 'ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம்' பப்புக்குக் கூட்டிப்போனான். சுவரில் 1189 என்று எழுதியிருக்கிறார்கள். அதை நம்புவது அவரவர் விருப்பம், ஆனால் பின்பக்க அறைகள் மணற்பாறையைக் குடைந்து செய்தவை என்பது கண்ணெதிரே தெரிகிறது. இந்த ஊருக்கு அடியில் மனிதர்கள் குடைந்த குகைகள் 800-க்கு மேல் உண்டு. குள்ளர் படை ஆடுகிறவன் வந்து சேர வேண்டிய இடம்தான்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவன் கேட்ட முதல் கேள்வி: "மேசைக்கு மேசை ரெஃப்ரி இருப்பாரா அண்ணா?"

இருக்க மாட்டார். ஹால் முழுவதற்கும் ஒரே நடுவர்தான், அவரும் பாதி நேரம் காபி மெஷின் பக்கம் நிற்பார். டைஸைப் போடுவதும் நாங்களே, அளப்பதும் நாங்களே, எதிராளியின் டேப்பை நம்புவதும் நாங்களே.

"அப்ப ஏமாத்தலாமே?" என்றான்.

ஏமாற்றலாம். நாளை வந்து பார் என்றேன்.


சனி, இரவு

கால் வலி. இந்த விளையாட்டில் யாரும் உட்காருவதில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். காலையில் பேக்கன் வைத்த காப் (இந்த ஊரில் பன்னுக்கு அதுதான் பெயர்) ஒன்று, மதியம் சிப்ஸ் வைத்த காப் ஒன்று. சாப்பாட்டைப் பற்றி அவ்வளவுதான்.

இன்று மூன்று ஆட்டங்கள். முதலாவது எல்ஃப் படையோடு. தூரத்திலிருந்தே அம்பு எய்து என்னை அரைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேருவதற்குள் போய்ச் சேர ஆளில்லை. இரண்டாவது ஒரு கோப்ளின் படையுடன், எனக்கு வெற்றி. மூன்றாவது ஆகர் என்ற ராட்சதர் படை. எதிரே இருந்த பெண் தன் பொம்மைகளுக்கு வண்ணம் அடித்திருந்த அழகைப் பார்த்துக்கொண்டே தோற்றேன். துருப்பிடித்த இரும்புக்கு ஆரஞ்சுப் பவுடரைப் பஞ்சால் ஒற்றியிருந்தார். சிறந்த படை வாக்கெடுப்பில் என் வாக்கு அவருக்கே.

தம்பி மதியத்துக்கு மேல் வந்தான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், நாளைய ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது உதவும்.

இதில் பொம்மைகளைத் தனித்தனியாக எடுப்பதில்லை. படை படையாகத்தான் கணக்கு. காலாட்படை என்றால் 10 பேர் ட்ரூப், 20 பேர் ரெஜிமென்ட், 40 பேர் ஹோர்டு. அடி விழுந்தால் ஆளை எடுக்க மாட்டோம், பக்கத்தில் ஒரு காய வில்லையை வைப்போம். தாக்குதல் முடிந்ததும் அடித்தவர் இரண்டு டைஸ் போட்டு, அதோடு காய எண்ணிக்கையைக் கூட்டுவார். அந்தப் படையின் நெர்வ் (மனத்திடம்) எண்ணை எட்டினால் அது மொத்தமாகச் சிதறி ஓடிவிடும், மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். கொஞ்சம் குறைந்தால் தடுமாறும், அதாவது அடுத்த முறை பாய முடியாது. இரண்டு டைஸிலும் 1 விழுந்தால் எவ்வளவு காயம் இருந்தாலும் அசையாமல் நிற்கும். அப்புறம் 'இன்ஸ்பையரிங்' என்று ஒரு குணம். தளபதியோ கொடிக்காரரோ 6 அங்குலத்துக்குள் இருந்தால், சிதறிய படைக்கு இன்னொரு வாய்ப்பு: எதிராளி டைஸை மறுபடி போட்டாக வேண்டும், இரண்டாவதாக விழுவதுதான் முடிவு.

முன்பக்கம் தாக்கினால் சாதாரண அடி, பக்கவாட்டில் இரட்டிப்பு, பின்புறத்தில் மூன்று மடங்கு. இந்த ஒரே வரியில் முழு விளையாட்டும் அடங்கிவிடும். யார் யாருடைய பக்கவாட்டுக்குப் போவது என்பதுதான் எல்லாமே.

ஒருவர் முறையில் மற்றவர் ஒன்றும் செய்ய மாட்டார். அதனால் செஸ் கடிகாரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தப் போட்டியில் ஆளுக்கு 55 நிமிடம், 2000 புள்ளிப் படை. 6 முறை ஆடியதும் ஒரு டைஸ் போடுவோம். 1, 2, 3 என்றால் ஆட்டம் முடிந்தது. 4, 5, 6 என்றால் 7வது முறையும் உண்டு. இந்த டைஸ் ஒன்று பலருடைய வயிற்றில் புளியைக் கரைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி ஆகர் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தான். அவனுக்கு வியப்பாக இருந்தது டைஸ் இல்லை, நாங்கள் பேசிக்கொண்ட விதம். அந்தப் பெண் ஒரு ஹோர்டை நகர்த்தும்போது சொன்னார்: "இதை உன் பேட்ஜர் படையின் பாய்ச்சல் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறேன், சரிதானே?" பேட்ஜர் என்ற விலங்கின் மேல் ஏறி வரும் குள்ளர்கள் என்னிடம் உண்டு, பிராக் ரைடர்ஸ். வேகம் 8, பாய்ந்தால் 16 அங்குலம். நானே என் டேப்பை நீட்டி, இன்னும் அரை அங்குலம் பின்னால் வையுங்கள், அப்போதுதான் வெளியே என்றேன். அவரும் வைத்தார்.

"எதுக்கு அண்ணா நீங்களே சொல்லிக் குடுக்குறீங்க?"

நோக்கத்தைச் சொல்லி ஆடுவது என்று இதற்கு ஒரு பழக்கம். நான் என்ன செய்ய நினைக்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்கிறேன். அது நடக்கக்கூடியதுதானா என்று இருவரும் சேர்ந்து அளந்து ஒப்புக்கொள்கிறோம். அதன் பிறகு கை தட்டிப் பொம்மை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சண்டை வராது. எல்லை எது என்பது முன்பே பேசி முடித்த விஷயம். இது பெருந்தன்மை மாதிரி தெரியும். உண்மையில் சோம்பேறித்தனமும் கொஞ்சம் உண்டு. மில்லிமீட்டருக்காகச் சண்டை போட்டால் 55 நிமிடம் எதற்கும் போதாது. ஆனால் இதன் ருசி வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. அளவுச் சந்தேகம் எல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது முடிவும் டைஸும் மட்டும். ஆட்டம் நெருக்கமாகப் போகும்போது அது எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

தம்பி நம்பவில்லை. புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்து மேல் மேசைகளில் ஆடுகிறவர்களும் இப்படியா என்று கேட்டான். மேல் மேசைகளில்தான் இது அதிகம். கீழே புதிதாக வந்தவர்கள்தான் டேப்பை மறைத்து மறைத்து அளப்பார்கள்.


ஞாயிறு, இரவு

டிராமில் தொடங்கி, அறைக்கு வந்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைய இரண்டாவது ஆட்டத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன்: சாலமண்டர் படையிடம் படுதோல்வி, நாலாவது முறையிலேயே கை குலுக்கிவிட்டோம். எழுத வேண்டியது காலை ஆட்டம்.

எதிராளி நடு வயதுக்காரர், பள்ளியில் வரலாறு நடத்துகிறாராம். பிணப்படை. நெருங்கிய புள்ளிகள் எடுத்தவர்களைச் சேர்த்துவிடும் முறை என்பதால் அவரும் என்னைப் போல நடுவாந்திரம்தான். சினாரியோ 'டாமினேட்': மேசையின் மையத்திலிருந்து 12 அங்குலத்துக்குள் யாருடைய படைப் பலம் அதிகமோ அவருக்கு வெற்றி. காலாட்படை ரெஜிமென்டுக்குப் பலம் 3, ஹோர்டுக்கு 4, ட்ரூப்புக்கு 1. தனி வீரர்களுக்குப் பூஜ்யம். எவ்வளவு பேரைக் கொன்றோம் என்பதற்கு இதில் மதிப்பே கிடையாது. கடைசியில் வட்டத்துக்குள் யார் நிற்கிறார்கள், அவ்வளவே.

தொடங்கும் முன் அவர் தன் படையை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். முக்கியமாக நெக்ரோமான்சரை, அதாவது பிணங்களை ஏவும் மந்திரவாதியை. "இவனிடம் சர்ஜ் இருக்கிறது, மறந்துவிடாதே" என்றார். சர்ஜ் என்பது ஒரு மந்திரம். பிணங்கள் தாமாக ஓட மாட்டா. மந்திரவாதி டைஸ் போட்டு, 4-உம் அதற்கு மேலும் விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்குலம் வீதம் ஒரு படையை நேராகத் தள்ளுவான். தள்ளியது எதிரி மேல் போய் முட்டினால் அது பாய்ச்சலாகவே கணக்கு. இதில் உள்ள விஷம் என்னவென்றால், நகரும் கட்டத்தில் மெதுவாக நம் பக்கவாட்டுக்கு வந்து நிற்பார்கள். பாயவில்லையே என்று நாம் மூச்சு விடும்போது, எய்தல் கட்டத்தில் சர்ஜ் வந்து பக்கவாட்டில் இடிக்கும். பிணப்படையிடம் தோற்றவர்களில் பாதிப் பேர் இதில் தோற்றவர்கள்.

முதல் 3 முறையை நீட்ட வேண்டாம். நான் முதலில் ஆடினேன். இடது மூலையில் ஒரு குன்றின் மேல் என் பீரங்கி, பக்கத்தில் பூமிப் பூதம் ஒன்று காவல். மையத்தில் அயர்ன்கிளாட் என்ற கவசக் குள்ளர் ரெஜிமென்ட் இரண்டு, நடுவில் கொடிக்காரர். சற்றுப் பின்னால் துப்பாக்கிக் குள்ளர்கள். வலது பக்கம் வெறியோடு சண்டை போடும் பெர்சர்க்கர்களும் பிராக் ரைடர் ட்ரூப்பும். அவருக்கு நடுவில் எலும்புக்கூடு ஹோர்டும் போர்வீரப் பிணங்களான ரெவனன்ட் ரெஜிமென்டும், வலது பக்கம் எனக்கு எதிரே 60 ஜாம்பிகள், இடது பக்கம் சோல் ரீவர் குதிரைப்படை. சோல் ரீவர் என்றால் கவசம் போட்ட இரத்தக்காட்டேரிகள், குதிரை மேல். என் பீரங்கி சுட்டது, சுட்டது, எதிலும் படவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் அனுதாபமாக நாக்கைச் சப்புக்கொட்டினார்.

4வது முறையிலிருந்து சூடு பிடித்தது. வலது பக்கத்தில் ஜாம்பிக் கூட்டம் என் பெர்சர்க்கர்களை மெல்ல விழுங்கியது. 5வது முறையில் சோல் ரீவர்கள் ஒரு தீர்மானத்துக்கு வர வேண்டியிருந்தது: உள்ளே திரும்பி மையத்துக்கு வருவதா, குன்றின் மேல் பீரங்கியைத் தொலைப்பதா. அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்தார், கடிகாரம் ஓட ஓட. பிறகு பீரங்கி மேல் பாய்ந்தார். பீரங்கி போயிற்று. என் 6வது முறையில் பூமிப் பூதம் அவர்களின் முதுகில் ஏறியது. பின்புறத் தாக்குதல், மூன்று மடங்கு டைஸ். காட்டேரிகள் காலி. ஆனால் பூதமும் மையத்திலிருந்து வெகு தூரத்தில், இனி வட்டத்துக்கு வந்து சேர வழியில்லை. அதே முறையில் பிராக் ரைடர்கள் ஜாம்பிகளைப் பக்கவாட்டில் இடித்து முடித்தார்கள்.

அவருடைய 6வது முறை. எலும்புக்கூடுகள் என் இடது அயர்ன்கிளாடை மறுபடி மோதி, ஓட வைக்க முடியாமல் தடுமாற மட்டும் வைத்தன. அதுவரை ஓரத்தில் பதுங்கியிருந்த கூல் ட்ரூப் ஒன்று என் துப்பாக்கிக் குள்ளர்கள் மேல் பாய்ந்து அவர்களை ஓட்டிவிட்டது. கூல் என்றால் பிணம் தின்னிகள், 10 பேர். அவர்கள் இப்போது வட்டத்துக்கு வெளியே, விளிம்பிலிருந்து சுமார் 3 அங்குலத்தில்.

எண்ணிப் பார்த்தோம். வட்டத்துக்குள் அவருக்கு ஹோர்டு 4, ரெவனன்ட் 3, ஆக 7. எனக்கு இரண்டு அயர்ன்கிளாட், 6.

டைஸை என் கையில் கொடுத்து, நீயே போடு என்றார். 3 விழுந்தால் நான் தோற்றேன். 4 விழுந்தது.

பின்னால் தம்பி "ஐயோ" என்றான். பக்கத்து மேசையில் ஆட்டம் முடிந்து அவர்களும் வந்து நின்றுவிட்டார்கள்.

என்னிடம் 6 நிமிடம். அவரிடம் 3-க்கும் குறைவு. முதலில் தடுமாறிய அயர்ன்கிளாட். குள்ளர்களுக்கு 'ஹெட்ஸ்ட்ராங்' என்ற பிடிவாதம் உண்டு. ஒரு டைஸ் போட்டு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் தடுமாற்றம் போய்விடும். 2 விழுந்தது. எனவே அந்தப் படை பாய முடியாது. திரும்பி நிற்கலாம், ஆனால் இடிந்த கோபுரத்தை ஒட்டி நின்றதால் திரும்ப இடமில்லை. அதன் மற்றொரு பக்கவாட்டு திறந்து கிடந்தது. எலும்புக்கூடு ஹோர்டு அதன் மூலைக்குச் சற்று வெளியே நின்றது. நெக்ரோமான்சர் பின்னால். என்ன நடக்கும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

எனக்கு உள்ள வழி: இன்னொரு அயர்ன்கிளாட் முன்னாலும் பிராக் ரைடர்கள் பக்கவாட்டிலும் ரெவனன்ட் மேல் பாய்வது. அவர்களை ஓட்டினால் எனக்கு 6-உம் பிராக் ட்ரூப்பின் 1-உம் சேர்ந்து 7, அவருக்கு ஹோர்டின் 4. அதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் கொடிக்காரர் விஷயத்தில்.

அவர் தடுமாறிய படை அருகிலேயே நின்றால், அந்தப் படை சிதறினாலும் மறு டைஸ் கிடைக்கும். ஆனால் கூல்கள் தடையில்லாமல் வட்டத்துக்குள் ஓடி வந்து 1 சேர்த்துக்கொள்வார்கள். கூல்கள் வர வேண்டிய வழி இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவில் ஒரு படை நுழையும் அகலம். அங்கே கொடிக்காரர் போய் நின்றால் அவர்களால் நுழைய முடியாது, அவரைக் கொன்றுவிட்டு முன்னேறினால்தான் உண்டு. ஆனால் மறு டைஸ் கிடையாது. இரண்டையும் செய்ய முடியாது. அதோடு, நகர்வது முதலில், சண்டை பிறகு. ரெவனன்ட் ஓடுவார்களா என்று தெரியும் முன்பே கொடிக்காரரை நகர்த்தியாக வேண்டும்.

நான் வாய்விட்டே சொன்னேன்: கூல்களை மறிக்க நினைக்கிறேன், பாறை இடுக்கில் வைத்தால் போக முடியாதுதானே? அவர் குனிந்து பார்த்தார். கூல் தட்டை எடுத்து இடுக்கில் வைத்துப் பார்த்தார். "இல்லை, போக முடியாது. ஆனால் இங்கே வைத்தால் நான் சுற்றிவிடுவேன், ஒரு விரல் இடது பக்கம் வை" என்றார். வைத்தேன். தம்பி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சண்டை. காயங்களைக் கூட்டிப் பார்த்ததில் ரெவனன்ட் ஓட இரண்டு டைஸில் 7 வேண்டும். அதற்கு வாய்ப்பு 36-இல் 21. ஆனால் நெக்ரோமான்சர் பக்கத்தில் இருப்பதால் இரண்டு தடவை எட்ட வேண்டும். அப்படியென்றால் 34 சதவீதம். முதல் தடவை 8. அவர் பேசாமல் டைஸை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது, 4-உம் 3-உம். 7. எங்கள் மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். ரெவனன்டுகளை அவரே எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

இப்போது 7-க்கு 4. அவரிடம் 2 நிமிடம் 40 விநாடி.

அவசரப்படவில்லை மனிதர். எலும்புக்கூடு ஹோர்டை நகர்த்தி, சற்றுத் திருப்பி வைத்துவிட்டு, "இது உன் பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பார்த்துச் சொல்" என்றார். லேசர் கோடு போடும் சின்னக் கருவி ஒன்றை என் கையில் கொடுத்தார். என் படையின் மூலையிலிருந்து கோட்டை நீட்டிப் பார்த்தேன். ஹோர்டின் முன்வரிசை நடு, கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு நகக்கண் அளவு. பக்கவாட்டுதான். ஆமாம் என்றேன். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடலாம், ஐந்து நிமிடம் வாதாடலாம். எதற்கு? கண்ணால் பார்த்துவிட்டேனே.

இடைவெளி 4 அங்குலம். சர்ஜ் டைஸைப் போட்டார். 4-உம் அதற்கு மேலும் விழுந்தவை மூன்றே மூன்று. நான்காவது ஒன்று ஹோர்டின் தட்டில் சாய்ந்து நின்றது, மேல் முகத்தில் 5. நான் வாயைத் திறக்கும் முன் அவர் அதை எடுத்துவிட்டார். சாய்ந்த டைஸ் செல்லாது, மறுபடி போட வேண்டும். 5-ஐக் கையில் எடுத்துப் போடுகிறார், போட்டி முழுதும் அதில் இருக்கிறது. 4 விழுந்தது. இடித்தது.

முதலில் கூல்கள் கொடிக்காரரைத் தாக்கினார்கள். இரண்டு காயம், நெர்வ் சோதனையில் நின்றுவிட்டார். இடுக்கு மூடியபடியே இருந்தது. பிறகு எலும்புக்கூடுகள். ஹோர்டுக்கு 25 டைஸ், பக்கவாட்டில் 50. இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். 19 பட்டன, அதில் 7 காயம். முன்பே இருந்த காயங்களோடு சேர்த்துப் பார்த்தால் அவருக்கு 8 வேண்டும். 36-இல் 15. கடிகாரத்தில் 20 விநாடிகூட இல்லை.

5, 3.

என் அயர்ன்கிளாட் போயிற்று. வட்டத்துக்குள் எனக்கு மிச்சம் ஒரு ரெஜிமென்டும் பேட்ஜர்களும், 4. அவருக்கு அந்த ஹோர்டு, 4. டிரா.

ஒரு நொடி இருவருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்புறம் கை குலுக்கினோம். அவர் தன் முதல் வார்த்தையாக "பீரங்கி" என்றார்.

டிராமில் தம்பி போனில் கணக்குப் போட ஆரம்பித்தான். கொடிக்காரரை நான் படை அருகே நிறுத்தியிருக்க வேண்டாமா என்பது அவன் கேள்வி. அப்படி நிறுத்தியிருந்தால் அவர் இரண்டு தடவை 8 எடுக்க வேண்டியிருக்கும், அது 17 சதவீதம்தான். ஆட்டம் முழுக்க வெற்றி பக்கத்தில் இருந்ததே என்று ஆதங்கப்பட்டான். நான் சொன்னது: அந்தக் கணக்கு ரெவனன்ட் ஓடிய பிறகு போடுவது. நான் நகர்த்தியபோது அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஓடாமல் இருக்க 66 சதவீதம். அப்போது எனக்கு 7, அவருக்கு 7. கூல்களும் உள்ளே வந்திருந்தால் 8, நான் தோற்றேன். கொடிக்காரர் மறித்ததால்தான் அந்தப் பக்கத்திலும் டிராவுக்கு வழி இருந்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. கிரெகரி ஸ்ட்ரீட் நிறுத்தம் தாண்டியதும் தலையை நிமிர்த்தினான். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 என்ற போட்டி விதிப்படி, சர்ஜ் எப்படியும் எட்டும், ரெவனன்ட் திருப்பி அடிக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், நிறுத்தியிருந்தால் சராசரி 0.84, மறித்ததால் 1.12. "நீங்க செஞ்சது சரிதான் அண்ணா. ஆனா ரெவனன்ட் திருப்பி அடிக்கிறதையும் சேர்க்கணும், அதுக்கு அவங்க எண்ணெல்லாம் வேணும்." விதிப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன். இப்போது கட்டிலில் உட்கார்ந்து பிணப்படைப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.


திங்கள், ரயிலில்

காலையில் வார்ஹேமர் வேர்ல்டுக்குப் போய்வந்தோம், பக்கத்தில்தானே. வாசலில் ஆளைவிடப் பெரிய ஸ்பேஸ் மரீன் சிலை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அறை அளவுக்குப் பெரிய போர்க்களக் காட்சிகள். அதை விவரிக்கப் போவதில்லை, புகைப்படங்கள் நிறையக் கிடைக்கும். எனக்குப் பிடித்தது பழைய உலோகப் பொம்மைகள் இருந்த அலமாரிகள். முகமெல்லாம் கோணல்மாணலாக, ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குத் தெரிந்த ஆள் போல இருந்தன. இப்போது வருபவை கணினியில் வரைந்தவை. கச்சிதம் அதிகம், குறும்பு குறைவு. பக்‌மன்ஸ் பாரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வரலாற்று ஆசிரியரும் நானும் நேற்றே எண் மாற்றிக்கொண்டோம். லெஸ்டர் தாண்டும்போது செய்தி வந்தது. ஒரு தாளில் மேசையை வரைந்து, 5வது முறையில் சோல் ரீவர்கள் நின்ற இடத்திலிருந்து மையத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறார். பீரங்கியை விட்டுவிட்டு உள்ளே திரும்பியிருந்தால் 6வது முறையிலேயே ஆட்டம் தன்னுடையது என்கிறார். அந்தப் பீரங்கி நாள் முழுக்க எதையும் தொடவில்லையே, அதற்குப் போய்ப் பயந்தேனே என்று வருத்தம்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இதுவரை படாத பீரங்கி அடுத்த முறையும் படாது என்று டைஸுக்குத் தெரியாது. அது உயிரோடு இருந்திருந்தால் 6-லும் 7-லும் ஹோர்டு மேல் சுட்டிருப்பேன். அதைவிட முக்கியம், காட்டேரிகள் உள்ளே திரும்பியிருந்தால் முதுகை என் பூமிப் பூதத்துக்குக் காட்டிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். அதே மூன்று மடங்கு அடி, மையத்துக்கு இன்னும் பக்கத்தில். இதை எழுதி அனுப்பினேன்.

பூதத்தின் வேகத்துக்கு அவ்வளவு தூரம் எட்டாது, அளந்து பார் என்று பதில் வந்திருக்கிறது. டேப் மேல் தட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்ஃபர்டு வரட்டும், எடுக்கிறேன்.